அக்கா பேசத் தொடங்கிய கதை

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. கண்ணீரோடு எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அக்காவை நினைத்ததும் உற்சாகம் பொத்துக்கொண்டு வருகிறது, என்ன செய்ய!

சந்தவாசலில் மூத்த பிள்ளையாகப் பிறந்தவர் அக்கா. வீட்டுக்கு யாராவது வந்தால் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார். பள்ளியில் "உள்ளேன் ஐயா" என்று சொல்ல நா எழாமல், வகுப்பில் இருந்துகொண்டே பல நாள் ஆப்சென்ட் ஆனவர். ஆரணியில் நெசவுக் குடும்பத்துக்கு மருமகளாக வந்த பிறகும் அப்படித்தான். தறியில் அக்காவும் அவர் கணவரான மாமாவும் உட்காருவார்கள். வெளியில் பேசுவதெல்லாம் மாமா.

அந்த மாமாவுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்தது. உயிர் பிழைத்தார், குரல் போய்விட்டது.

தறியில் ஒரு பட்டுப்புடவை முடிந்திருந்தது. விற்கப் புடவைக் கடைக்கு நான் எடுத்துப் போகிறேன் என்றேன்.

"இன்னிக்கி நீ போவ. அடுத்த வாட்டி யாரு போறது? நானே போறேன். நீ கூட வா, ஆனா வாயத் தொறக்காத" என்றார் அக்கா.

கடை வாசலை இரண்டு முறை தாண்டிப் போய்விட்டார். மூன்றாம் முறை விறுவிறுவென்று உள்ளே நுழைந்தார்.

"வாம்மா, இன்னா வேணும்?" என்றார் முதலாளி.

"தண்ணி."

அவ்வளவுதான் வந்தது. அவர் கொடுத்த சொம்புத் தண்ணீர் முழுவதையும் குடித்துவிட்டுப் புடவையை விரித்தார்.

"பார்டர் கொஞ்சம் டல்லா கீதே..." என்று இழுத்தார் முதலாளி.

நான் பேச வாயெடுத்தேன். அக்கா என் காலை மிதித்தார். புடவையை அள்ளிக்கொண்டு வாசலுக்கே போய் வெயிலில் பிடித்தார்.

"இங்க வந்து பாருங்க. இப்ப சொல்லுங்க."

முதலாளி வந்தார், பார்த்தார், சிரித்தார். "எட்த்துக்கறேம்மா. அடுத்த புடவையும் இங்கயே கொண்டாங்க."

தெருவுக்கு வந்ததும் அக்கா, பூட்டியிருந்த ஒரு கடைப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"டேய், பேசிட்டேன்டா! நெஞ்சு இன்னும் அடிச்சிகினு கீது. ஆனா பேசிட்டேன்!"

அதன்பின் நாளுக்கு ஒரு புது முகத்தோடு ஒரு வார்த்தையாவது பேசுவது என்று வைத்துக்கொண்டார். பேருந்து நிலையத்தில் "போளூர் பஸ் எப்போ வரும்?" என்று சும்மா கேட்கப் போய், "இதான்மா, ஜல்தி ஏறு" என்று கண்டக்டர் அதட்ட, மறுக்கக் கூச்சப்பட்டு ஏறிவிட்டார்! அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, தனக்குத்தானே சிரித்தபடி நடந்து வந்தார். விடவில்லை, மறுநாள் பூக்காரம்மாவிடம் பேசினார்.

கடைசி நாட்களில் மருத்துவமனையில் இருந்தார். பக்கத்துப் படுக்கைப் பெண், டாக்டரிடம் கேட்க வேண்டியதைக் கேட்காமல் மூன்று நாளாக மென்று விழுங்கிக்கொண்டிருந்தார். அக்கா கையுயர்த்தி அழைத்தார்: "டாக்டர், இவங்க ஒன்னு கேக்கணுமாம். கொஞ்சம் நில்லுங்க." டாக்டர் நின்றார். அந்தப் பெண் கேட்டே விட்டார்.

"உங்களுக்குப் பயமே இல்லியாக்கா?" என்று பிறகு கேட்டவரிடம், "பயம் எங்க போச்சி? பயந்துகினே பேசலாம்னு தெரிஞ்சிகினேன், அவ்ளோதான்" என்றார்.

அக்காவைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்கள், செவிலியர், சோறு கொண்டுவந்த தெருவார், இறுதி நாளில் தோள் கொடுத்த உறவினர் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நன்றி சொல்கிறது.

இந்த நினைவு மலரைப் பெறும் உங்களில் பலர் அக்கா தானாகத் தேடிப் பழகியவர்கள். உங்கள் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. நினைவு நாளில் மாமா வாசலில் நிற்பார். குரல் இல்லாததால் உங்கள் பெயரை அவரால் கேட்க முடியாது. தயங்காமல் அருகில் போங்கள். நீங்களே பேச்சைத் தொடங்குங்கள்.