பதின்மூன்றாவது கார்டு

மலாயா சுதந்திரமடைந்த மெர்டேக்காவுக்கு மறுவருஷம், மலாக்காவின் காஜா பெராங்கில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டுக்கு எண் உண்டு. பின்சந்தில் இருந்த பத்தொன்பது பலகை வீடுகளுக்கு எண் கிடையாது. எண் இல்லாத கதவுக்குத் தபால்காரர் போகமாட்டார். அதனால் அந்தப் பத்தொன்பது வீட்டாரும் இந்தியாவில் ஊரில் இருப்பவர்களிடம் 'மே/பா', அதாவது மேற்பார்வை, என்று போட்டு என் பெயரையும் வீட்டு எண்ணையும் எழுதச் சொல்லியிருந்தார்கள். நான் ரப்பர் கம்பெனி ஒன்றில் கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா. எழுதப் படிக்கத் தெரிந்தவனுக்குத் தபால் நடத்தவும் தெரியும் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

தேயிலைப் பெட்டிப் பலகையில் ஒரு பெட்டி செய்து வாசல் கம்பத்தில் அடித்தேன். முதல் மழையில் ஏழு கடிதங்கள் நனைந்தன. மேலே தகரம் அடித்தேன். பிறகு இன்னொரு கோளாறு. சந்தில் ஒரே பெயரில் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவருடைய மனைவி எழுதியதை இன்னொருவருக்கு உரக்கப் படித்துக் காட்டிவிட்டேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "எம் பொஞ்சாதி இவ்வளவு அன்பா எழுதமாட்டாளே, கிராணியாரே. கவரைத் திருப்பிப் பாருங்க" என்றார். அதற்குப் பிறகு பத்தொன்பது அறை கொண்ட ஒரு தட்டு செய்து, ஒவ்வொன்றிலும் வீட்டுத் தலைவரின் பெயரோடு தகப்பன் பெயரையும் எழுதி ஒட்டினேன்.

தபால் காலை பத்தரைக்கு வரும். அப்போது நான் வேலையில் இருப்பேன். என் மனைவி பெட்டியைத் திறந்து, இருப்பதை எடுத்து மேசையில் வைப்பாள். அவள் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள், பள்ளிக்கூடம் போனதில்லை. மாலையில் நான் வந்து பிரித்து அறைகளில் வைப்பேன்.

சந்தின் நான்காவது வீட்டில் சாலைக்குத் தார் போடும் கூட்டத்தைச் சேர்ந்த ஒருவர் இருந்தார். ஊரிலிருந்து அவர் தம்பி எழுதியிருந்தார்: அம்மா படுக்கையில் இருக்கிறாள், அண்ணன் பெயரையே சொல்லிக்கொண்டிருக்கிறாள், விவரம் அடுத்த கடிதத்தில். அந்த அடுத்த கடிதம் வரவில்லை. அம்மா உயிரோடு இருந்தால் அவர் கப்பலேற வேண்டும். இல்லையென்றால் மூத்த மகன் செய்ய வேண்டியதைச் செய்ய வேண்டும். எது என்று தெரியாமல் தினமும் மாலையில் வந்து, காலில் தார் இருப்பதால் படியேறாமல் கீழேயே நிற்பார்.

"இருக்கா, கிராணியாரே?"

"இல்லண்ணே."

நாற்பத்தொரு மாலைகள். நோட்டில் குறித்து வைத்தேன்.

கோளாறு எங்கள் பக்கமா, ஊர்ப் பக்கமா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. எனக்கு நானே பன்னிரண்டு கார்டு எழுதினேன். நான்கைப் பெரிய தபாலாபீசில் போட்டேன், நான்கைப் பத்து பெரெண்டாம் என்ற பக்கத்து ஊரில், நான்கைச் சிரம்பானுக்குப் போன ஒரு சிநேகிதரிடம் கொடுத்தனுப்பினேன். தபால்காரரையும் நிறுத்தி விசாரித்தேன். "ஓட்டை உங்க பெட்டியிலயா என் பையிலயான்னு பாக்குறீங்களா? அப்படியே சைக்கிள் கம்பியையும் எண்ணிருங்க" என்று சொல்லிவிட்டு மிதித்துப் போய்விட்டார். பன்னிரண்டும் வந்து சேர்ந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை.

அன்று மாலை, பரீட்சையில் தேறியவன் போல அவரிடம் சொன்னேன். "நம்ம பக்கம் ஒண்ணும் குறையில்லண்ணே. உங்க தம்பிதான் எழுதல."

அவர் காலில் ஒட்டியிருந்த தாரைத் தரையில் தேய்த்தார். பிறகு, "அப்ப நல்லா ஒறைக்கிற மாதிரி ஒண்ணு எழுதுங்க" என்றார். எழுதினேன். பெற்றவளைப் பற்றி ஒரு வரி எழுதக் கை வரவில்லையா, பங்கு கேட்டுவிடுவேன் என்று பயமா என்றெல்லாம் எழுதினேன். அவர் சொன்னது நான்கு வாக்கியம். நான் எழுதியது இரண்டு பக்கம்.

பதில் நீலநிற விமானக் கடிதத்தில் வந்தது. அவரைக் கீழே நிறுத்தி, படியில் நின்றபடி நான்தான் படித்தேன். "நாலு மூலையிலும் கறுப்பு தடவி அன்றைக்கே கார்டு போட்டேனே. அதைக் கையில் வாங்கிய பிறகுமா, அண்ணா, இப்படி எழுதுகிறாய்?"

அவர் முதல் தடவையாகப் படியில் உட்கார்ந்தார்.

"நாம அந்தக் கடுதாசி எழுதுனப்ப அவ இல்லியா?"

நாட்களை எண்ணிப் பார்த்தேன். "இல்லண்ணே."

அவர் போன பிறகு 'கறுப்பு தடவி' என்ற சொல் என்னை விடவில்லை. சாவுச் செய்திக்குத்தான் கார்டு மூலையில் கறுப்பு தடவுவார்கள்; என் பன்னிரண்டு கார்டும் வெள்ளைக் கார்டு. பதின்மூன்றாவதாக ஒன்று எழுதி, நான்கு மூலையிலும் மை தடவி, பெரிய தபாலாபீசில் போட்டேன். மறுநாள் மேசையில் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் மனைவியைக் கேட்டேன்.

அவள் மறைக்கவில்லை. கிணற்றடிக்கு அழைத்துப் போய், கவிழ்த்து வைத்திருந்த ஒரு மண்பானையைக் காட்டினாள். அடியில் ஐந்து கார்டுகள். நான்கு, கிணற்றுத் தண்ணீர் ஊறிக் கூழாகி ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தன. எழுத்து இருந்தது என்னுடையதில் மட்டும்தான்.

"உள்ள கொண்டு வர மனசு வரலீங்க. ரெண்டு புள்ளையை மண்ணுக்குக் குடுத்தாச்சு. இதுவாவது தங்கட்டுமேன்னுதான்." அவளுக்கு அப்போது எட்டு மாதம். "கிழிச்சுப் போடலீங்க. புள்ள பொறந்ததும் எடுத்துக் குடுத்துரலாம்னு வச்சேன்." பிறகு என் கார்டைப் பார்த்துக் கேட்டாள். "இது யாருங்க?"

"யாருமில்ல. சும்மா எழுதிப் பார்த்தேன்."

"சாவைச் சும்மா எழுதிப் பாப்பீங்களா?"



மறுநாள் மாலை நான்காவது வீட்டுக்காரரிடம் பெட்டியில் மழை இறங்கிவிட்டது என்று சொன்னேன். அவர் போய்ப் பெட்டியின் மேலிருந்த தகரத்தைத் தடவிப் பார்த்தார். தண்ணீர் எங்கே இறங்கும், எங்கே இறங்காது என்பது சாலை போடுகிறவருக்குத் தெரியாதா? உள்ளே என் மனைவி சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

"தங்கச்சிக்கு எத்தன மாசம்?"

"எட்டு."

"சரி, சரி" என்றார். கார்டு எங்கே நின்றது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. "தம்பிக்கு ஒண்ணு எழுதுங்க, கிராணியாரே. கார்டு வந்து சேரலைன்னு. நான் கேட்ட கேள்வியெல்லாம் தண்ணியில போனதா நெனச்சுக்கச் சொல்லுங்க."

எழுதினேன். பதில் வரவில்லை. ஒரு மாதம் கழித்து மறுபடி எழுதினேன், அதன் பிறகு இன்னொன்று. மூன்றுக்கும் பதில் இல்லை. அவர் தினமும் வந்து கேட்பதை நிறுத்திவிட்டார். வழியில் பார்த்தால் மட்டும் தலையசைப்பார்.

எங்களுக்குப் பெண் பிறந்தாள். இருக்கிறாள், பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். அந்தப் பானைதான் அவளைக் காத்தது என்று என் மனைவி சாகும்வரை நம்பினாள். 

கூழாகிப்போன நான்கில் ஒன்று அவருடையது; மீதி மூன்று கார்டும் யாருக்கு வந்தவை? மற்றப் பதினெட்டு வீட்டுக்கும் போய், தபால் சில நாசமாகிவிட்டது, ஊருக்கு எழுதி எல்லோரும் சுகமா என்று கேளுங்கள் என்றேன். எழுதிக் கொடுத்ததும் நான்தான். இரண்டு வீட்டில் அழுகை கேட்டது. சில வீட்டுக்குப் பதிலே வராததால் மூன்றாவது கார்டு எந்த வீட்டுக்கு வந்தது என்று தெரியவே இல்லை.

அதற்குப் பிறகும் ஆறு வருஷம் அந்தச் சந்து வீட்டாருக்காகக் கடிதம் எழுதினேன். ஒவ்வொன்றின் தலைப்பிலும் 'நலம், நலமறிய ஆவல்' என்று போடும்போது கை ஒரு கணம் நிற்கும். அந்த ஆறு வருஷத்தில் அந்த மூன்றாவது வீட்டின் கடிதம், எத்தனை தடவை என்று தெரியவில்லை, செத்துப்போன ஒருவரிடம் நலம் விசாரித்துக்கொண்டிருந்தது.