பதினோரு சொல் அடித்துவிட்டேன்

போன ஞாயிறு மத்தியானம் பாளையங்கோட்டையில், ஒரு ஹோட்டலின் மாடி ஹாலில், என் சேமிப்பில் பாதியை முன்பின் தெரியாத ஒருவரிடம் தூக்கிக் கொடுக்கப் பார்த்தேன். யாரும் மிரட்டவில்லை. நானாகத்தான்... சந்தோஷமாக.

விஷயம் கிரிப்டோ. மாதம் ஒரு ஞாயிறு அந்த ஹாலில் இருபது பேர் கூடுகிறோம் — களக்காட்டு வாழை விவசாயி, ரிட்டயரான வங்கி மேனேஜர், இரண்டு இன்ஜினீயர்கள், நான், இன்னும் பலர். வீட்டுக்கு மாடி எடுக்கச் சேர்த்ததில் பாதியை இதில் போட்டிருப்பது என் மனைவிக்குத் தெரியாது. இன்று தெரிந்துவிடும். பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியை அவள் விடாமல் படிக்கிறாள்.

இந்த மாதப் பேச்சு, பிளவு. எங்கள் காயினை நடத்துகிறவர்களுக்குள் விதிமுறை பற்றிச் சண்டை வந்து, நெட்வொர்க் இரண்டாகப் பிரிந்துவிட்டது. பழைய காயின் கையில் அப்படியே இருக்கும். அதே எண்ணிக்கையில் புதுக் காயினும் கிடைக்கும். சும்மா கிடைக்கிறது என்றால் யாருக்குத்தான் கை பரபரக்காது?

அதை வாங்கித் தருவதாக ஒரு விருந்தாளி வந்திருந்தார். கோட்டு, சூட்டு. ஸ்க்ரீனில் ஒரு லிங்க் காட்டினார். காயின் இருக்கும் டிஜிட்டல் பெட்டியான வாலட்டின் பன்னிரண்டு ரகசியச் சொற்களை அவரவர் அதில் அடிக்க வேண்டும், உடனே. அந்தச் சொற்கள்தான் பெட்டிச் சாவி என்பது எங்களுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனாலும் சொற்களை எழுதிவைத்த சீட்டைப் பர்சிலிருந்து எடுத்தேன். பதினோரு சொல் அடித்துவிட்டேன்.

அப்போதுதான் செல்வக்கனி எழுந்தார். திசையன்விளையில் செல்போன் கடை வைத்திருப்பவர். ஒரு வருடமாக வருகிறார். அவர் வாய் திறந்து நான் பார்த்ததில்லை.

"சார், மொதல்ல ஒங்க பன்னெண்டு சொல்லையும் அந்த ஸ்க்ரீன்ல அடிச்சுக் காட்டுங்க. பொறவு நாங்க அடிக்கோம்."

அது ரகசியம், பொதுவில் காட்டக் கூடாது என்றார் விருந்தாளி.

"எங்களுக்கும் ரகசியம்தான சார்."

அவர் சர்வர், செக்யூரிட்டி என்று என்னவோ விளக்கினார். அதற்குள் ஆளாளுக்கு போனைக் கவிழ்த்துவிட்டார்கள். ஒரு போன் பேசிவிட்டு வருகிறேன் என்று பையோடு இறங்கியவர்தான் — திரும்பவே இல்லை.

வங்கி மேனேஜர் மட்டும் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தார். அவர் பன்னிரண்டையும் அனுப்பிவிட்டார்.

செல்வக்கனி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். ஓடிப்போனவர் பழையதைக் காலி செய்வதற்குள் மேனேஜரின் போனில் புது வாலட் திறந்தார். புதுச் சொற்களை அவரையே எழுதிக்கொள்ளச் சொன்னார். பழைய வாலட்டில் இருந்த அத்தனையையும் அதற்கு மாற்றினார். நாங்கள் சுற்றி நின்றோம். மாற்றியதை நெட்வொர்க் உறுதி செய்ய வேண்டுமே...

"வந்துட்டு சார்," என்றார் செல்வக்கனி.

ஒரு காயின்கூடக் குறையவில்லை. மேனேஜர் அழுதுவிட்டார். களக்காட்டுக்காரர் கை தட்ட ஆரம்பித்தார். ஹோட்டல் சப்ளையர்கள் மாடியேறி வந்து எட்டிப் பார்க்கும்வரை தட்டினோம். அடுத்து என் வாலட்டையும் மாற்றிக் கொடுத்தார். புதுக் காயினும் அவர் காட்டிய வழியிலேயே அன்று சாயங்காலம் எல்லோருக்கும் வந்து சேர்ந்தது.

இனி கூட்டத்தை நடத்தப்போவது செல்வக்கனிதான். எதிர்ப்பே இல்லாமல் முடிவாயிற்று.

கிளம்பும்போது கேட்டேன், இத்தனை நாள் ஏன் பேசவில்லை என்று.

"நீங்க எல்லாரும் ரொம்பத் தெரிஞ்ச மாதிரி பேசுதீய, அண்ணாச்சி. குறுக்க கேக்க வெக்கமா இருந்துச்சு."

அப்படி அதிகம் பேசியது யார் என்று கேட்காதீர்கள்... சங்கடப்படுத்தாதீர்கள்.