காணும் என்று சொல்லியிருக்கக் கூடாது

காலையில் நல்லூர் பேக்கரியில் பாண் வாங்கப் போனேன். நான் புவியியல் படிப்பிக்கிறவள் என்பது கடைக்கார அண்ணைக்குத் தெரியும்.

"ரீச்சர், உலகத்திலை பெற்றோல் எண்ணெய் இன்னும் எவ்வளவு காலத்துக்குக் காணும்? எங்கடை காலத்துக்குப் போதுமே?" என்று கேட்டார்.

"இப்ப தெரிஞ்ச இருப்பு, இப்ப பாவிக்கிற மாதிரியே பாவிச்சால், அம்பது வருசமளவிலை காணும் எண்டு சொல்லுகினம். புதுசாக் கண்டுபிடிச்சால் இன்னும் இழுபடும். ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ."

அந்தக் கடைசி வசனம்தான் பிழையாகிவிட்டது.

அண்ணையின் முகம் மாறியது. "ஏன் யோசிக்க வேண்டாம் எண்டுறியள்? ஏதும் கேள்விப்பட்டனீங்களோ?"

"இல்லை அண்ணை, புத்தகத்திலை உள்ளதைத்தான் சொன்னனான்."

"முந்தித் தட்டுப்பாடு வந்த நேரமும் உப்பிடித்தான் காணும் எண்டு சொன்னவங்கள். அடுத்த நாள் பெற்றோல் செட்டைப் பூட்டினவங்கள்."

பக்கத்தில் இதைக் கேட்டுக்கொண்டு நின்றவர் வாங்க வந்ததை வாங்காமலே மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு போய்விட்டார்.

ரியூசன் முடிந்து திரும்பும்போது பெற்றோல் செட்டின் வரிசை வீதிவரை வந்திருந்தது. கடைக்கார அண்ணையும் நடுவில் நின்றார்.

"என்ன பிரச்சினை அக்கா?" என்று கடைசியில் நின்றவரிடம் கேட்டேன்.

"தட்டுப்பாடு இல்லையாம், தங்கச்சி. ஆரோ படிச்ச ஆள் சொன்னதாம்" என்றார், பயந்த குரலில்.

அந்த ஆள் நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு பெற்றோல் மானியைப் பார்த்தேன். என் ஸ்கூட்டியில் முக்கால்வாசி பெற்றோல் இருந்தது. பேசாமல் வீட்டுக்குப் போகத்தான் திருப்பினேன்.

அப்போது செட்காரர் வெளியே வந்து, "எல்லாருக்கும் காணும், இடிபடாதேங்கோ" என்றார்.

ஸ்கூட்டியை வரிசையில் விட்டேன். இதை இங்கே நின்றபடிதான் எழுதுகிறேன்.

உங்கள் பக்கமும் யாராவது காணும் என்று சொல்கிறார்களா?