அமானிதம்

நெளுக்குளத்தில் நான் வேலை செய்த அரிசி ஆலையின் முகாமையாளர் ஒரு முஸ்லிம். மெலிந்த மனிதர், தொப்பியைச் சட்டைப்பையில் மடித்து வைத்திருப்பார். எதையும் எங்கள் எல்லாரிடமும் கேட்டுத்தான் முடிவெடுப்பார். பழுதான இயந்திரத்தைத் திருத்துவோமா என்று அவர் கேட்டபோது, அறுவடை முடியட்டும் என்றோம். அடுத்த கிழமை அதில் ஒரு தொழிலாளியின் கை போனது.

அதன்பின் வெள்ளிக்கிழமைகளில் தொழுகை முடிந்ததும் அந்தத் தொழிலாளியின் வீட்டுக்குப் போவார். ஒருநாள் என்னையும் கூட்டிப்போனார்.

"எல்லாரும் சேந்து எடுத்த முடிவுதானே, சேர்?" என்றேன் வழியில்.

"ஓம் தம்பி. ஆனா பொறுப்பு அல்லாஹ் என்னை நம்பித் தந்த அமானிதம். என்னட்டத்தான் கேப்பான்."

தொழிலாளியின் வீட்டு வாசல் படலையை முகாமையாளரே திறந்து, "உள்ள வாங்க," என்றார். நான் உள்ளே போகாமல் வீதியிலேயே நின்றுவிட்டேன். இன்றைக்கும் அந்த வீதியால் போகும்போது சைக்கிளை வேகமாக மிதிக்கிறேன்.