செம்பட்டி பஸ்ஸின் மேல் ஒரு ரோஜா

ஏழாம் வகுப்பில் நான் பத்திரிகை ஆசிரியன். அச்சானது ஒரே பிரதி. அதுவும் அச்சில்லை, என் கையெழுத்து. வகுப்புக்கு ஒன்றாகச் சார்ட் தாளில் செய்தித்தாள் தயாரித்து, திங்கட்கிழமை பள்ளிக்கூட வாசலை ஒட்டிய சுவரில் மாட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை தமிழ் டீச்சர் வந்து உள்ளடக்கத்துக்கும் சுத்தத்துக்கும் மார்க் போடுவார். மார்க் குறைந்தால் ஆசிரியர் பதவி என் வகுப்பிலேயே படித்த அத்தை மகளுக்குப் போய்விடும். அவள் ஸ்கேலும் கையுமாகக் காத்திருந்தாள்.

மரம் வளர்ப்பது பற்றித் தலையங்கம் எழுதினேன். எவ்வளவு இழுத்தும் அடியில் ஒரு சாண் இடம் காலியாகக் கிடந்தது. சாப்பிடும்போது அப்பாவிடம் புலம்பினேன். அவர் செம்பட்டிக்குப் போய்வரும் டவுன் பஸ்ஸில் கண்டக்டர்.

"எங்க பஸ் டைமப் போடுலே. அதுவுஞ் சேதிதான" என்றார்.

அவர் சொல்லச் சொல்ல எழுதி இடத்தை அடைத்தேன். மரம் வளர்க்கச் சொன்ன பேனாவால் பஸ் நேரம் எழுதுவது கொஞ்சம் கௌரவக் குறைச்சலாகத்தான் இருந்தது.

புதன்கிழமை காலையில் போய்ப் பார்த்தால், தலையங்கம் புதுமாப்பிள்ளை வேட்டி மாதிரி பளிச்சென்று இருக்கிறது. பஸ் நேரம் இருந்த இடம் மட்டும் கறுத்துக் கிடக்கிறது. அத்தை மகளின் சதி என்று முடிவு கட்ட அரை நிமிடம்கூட ஆகவில்லை. சாயங்காலம் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு துப்பறிந்தேன்.

அவள் வரவில்லை. வாசலில் கொய்யாப்பழம் விற்கும் அம்மா வந்தார். ஈரக்கையை முந்தானையில் பாதி துடைத்துவிட்டு, வரிவரியாக விரலை வைத்துத் தேய்த்தார். பிறகு பள்ளிக்கூட ஆயா. பிறகு, பிள்ளையைக் கூட்டிப்போக வந்த ஒருவர், மல்லிகைப்பூ மூட்டையைத் தோளில் வைத்தபடியே.

நான் தூணைவிட்டுப் பாய்ந்தேன்.

"ஏ அப்பு, அடுத்த வண்டி எப்பன்னு செத்த பாத்துச் சொல்லேன்" என்றார் கொய்யாக்காரம்மா.

நான் பத்திரிகை ஆசிரியன், வழி சொல்கிறவனா? முறைத்துவிட்டு, 'தொடாதீர்கள்' என்று எழுதி ஒட்டினேன். மறுநாள் மத்தியானத்துக்குள் அதையும் விரல் வைத்துப் படித்திருந்தார்கள்.

ரப்பரால் அழித்தேன். கறை பரவி மழைமேகம் போலானது. மேலும் அழித்தேன். ஓட்டை விழுந்தது. வீட்டுக்கு ஓடி, பழைய காலண்டரிலிருந்து பெரிய ரோஜா ஒன்றை வெட்டிவந்து செம்பட்டி பஸ் மொத்தத்தையும் மூடி ஒட்டினேன். அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை டீச்சர் வந்தார். ஆளில்லாத ஸ்டாப்பைத் தாண்டும் பஸ்ஸைப் போல அவர் கண் தலையங்கத்தைக் கடந்து போனது. விரல் மட்டும் தானாகக் கீழே இறங்கி, ரோஜாவில் முட்டி நின்றது.

"ஏம்ப்பா, இங்கன செம்பட்டி பஸ் டைம் இருந்துச்சே?"

"அழுக்காயிருச்சு டீச்சர். அதான் மூடிட்டேன்" என்றேன், பாராட்டுக்குத் தயாராக.

அவர் ரோஜாவைப் பார்த்தார், தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். சுத்தத்துக்கு முழு மார்க். உள்ளடக்கத்துக்குப் போட்டதை இந்த வயதிலும் வெளியே சொல்வதாக இல்லை. பதவி அத்தை மகளுக்குப் போனது. அவள் செய்த முதல் வேலை, தண்ணீர் தொட்டு ரோஜாவை உரித்தது.

ராத்திரி அப்பாவிடம் நடந்ததையெல்லாம் புகாராகச் சொன்னேன். அவர் மார்க்கைப் பற்றிக் கேட்கவே இல்லை.

"டீச்சருமா வெரல வச்சுத் தேடுனாங்க?"

ஆமாம் என்றேன். கொய்யாக்காரம்மா எந்த வண்டியில் விரல் வைத்தார், ஆயா எதில், பூக்காரர் எதில் என்று ஒவ்வொருவராக விசாரித்தார். நான் ஆத்திரத்தோடு சொல்லச் சொல்ல, சொன்னதையே திரும்பச் சொல்ல வைத்தார்.

"அம்புட்டுப் பேராடி" என்று அம்மாவைப் பார்த்துச் சிரித்தார்.

மகன் பதவி இழந்து நிற்கிறான், இந்த மனுஷன் மறுசோறு வாங்கி ரசம் ஊற்றிச் சாப்பிடுகிறாரே என்று எனக்கு அழுகை அழுகையாக வந்தது.