தொப்பி போட்டால் தெரியாதாம்

தொலைக்காட்சியில் பழைய கறுப்பு வெள்ளைத் துப்பறியும் படம். கொலைகாரன் தொப்பியைப் புருவம்வரை இறக்கி, கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு வருகிறான். கட்டின மனைவிக்கே அவனைத் தெரியவில்லை. என் மகள் சிரித்தாள். எனக்குச் சின்னையாவின் சிரிப்புக் கேட்டது.

சின்னையா அப்பாவின் தம்பி. எனக்குப் பத்து வயதிருக்கும்போது, எங்கள் ஊர்க் குகன் அண்ணை வாடகை வீடியோ டெக்கைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து, எங்கள் வீட்டில் இப்படியொரு படம் போட்டார். அறை முழுக்க ஜெனரேட்டரின் மண்ணெண்ணெய்ப் புகை மணம்.

"தொப்பி போட்டால் மனிசிக்கும் தெரியாதாமோ? ஆரை ஏய்க்கிறாங்கள்?" என்றார் சின்னையா. சுவரில் சாய்ந்து நின்ற குகன் அண்ணையும் சிரித்தார். இடக்காலால் வலக்கணுக்காலைச் சொறிந்துகொண்டே நிற்பது அவருடைய பழக்கம்.

அடுத்த மாதம் இராணுவத்தின் சுற்றிவளைப்பு. ஊரையே கோயில் வீதியில் வெயிலில் இருத்தினார்கள். காட்டிக்கொடுக்கக் கொண்டுவந்த தலையாட்டியின் முகத்தைச் சாக்கு மூடியிருந்தது. கண்ணுக்கு இரண்டு ஓட்டை. சின்னையாவுக்கு முன்னால் நின்றான். இடக்கால் மெல்ல எழுந்து வலக்கணுக்காலைச் சொறிந்தது. அம்மா என் வாயைப் பொத்தினார். சாக்கு ஒருமுறை மேலும் கீழும் ஆடியது.

கொண்டுபோன சின்னையா திரும்பி வரவில்லை.

விசாரிக்க வந்த குகன் அண்ணைக்கு அம்மா தேத்தண்ணி கொடுத்தார்.

"ஆள் ஆரெண்டு தெரிஞ்சுதோ, அக்கா?"

"சாக்கெல்லோ போட்டிருந்தவன், தம்பி. ஒருத்தருக்கும் தெரியேல்லை." அம்மா அவருடைய காலைப் பார்க்கவேயில்லை.

மகள் கேட்டாள்: "உது நம்பக்கூடிய கதையோ, அம்மா?"

"ஓம்," என்றேன்.