மெசினோடு விலை பேசிய ஜெயரூபன்

செத்தவீட்டில் சிரிப்பது மரியாதையில்லை. ஆனால் போன மாசியில் புளியங்கூடலில் ஜெயரூபனின் பெட்டி முற்றத்தில் இருந்தபோது, பந்தலுக்குள் நின்றவர்களால் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. யாரோ ஒருவர் "மலேசியாக் கதை" என்று தொடங்கிவிட்டார். அதன்பிறகு அழுதவர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிட்ட வந்துவிட்டார்கள்.

ஜெயரூபனைத் தெரியாதவர் அந்தப் பாதையில் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து ஊர்காவற்றுறைக்கு ஓடும் தனியார் பஸ் ஒன்றில் இருபத்திரண்டு வருடம் நடத்துனர். மண்டைதீவுச் சந்தியில் ஏறும் மீன் கூடைக்கும் அல்லைப்பிட்டியில் இறங்கும் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் ஒரே குரலில் இடம் ஒதுக்கிக் கொடுப்பார். மிச்சக் காசில் ஐந்து ரூபாய்கூடப் பிடிக்கமாட்டார். ஆனால் அவர் காசு கொடுத்து வாங்கும் இடத்தில் மட்டும் ஆள் வேறு. சொன்ன விலைக்கு அவர் ஒருநாளும் "ஓம்" சொன்னதில்லை. மீன் என்றாலும் சரி, வீட்டுக்குச் சீமெந்து என்றாலும் சரி, முதல் விலையைக் கேட்டதும் "வேண்டாம்" என்பார், திரும்புவார், பத்தடி நடப்பார். பதினோராவது அடி வைக்குமுன் பின்னாலிருந்து "அண்ணை, வாங்கோ, வாங்கோ" என்று கேட்கும்.

"முதல் விலைக்கு ஓம் எண்டால் விக்கிறவனுக்கே கவலை வந்திடும். கூடக் கேட்டிருக்கலாமே எண்டு யோசிப்பான். நான் அவனை நிம்மதியாப் படுக்க விடுறன்" என்பது அவருடைய நியாயம்.

கலியாணம் கட்டாதவர். அவருக்கு இருந்தது ஒரே ஒரு தங்கை, சுலோஜனா. தொண்ணூறில் யுத்தத்துக்குப் பயந்து தீவை விட்டு எல்லோரும் ஓடியபோது அவருக்குப் பதினெட்டு வயது, தங்கைக்கு ஆறு. அதற்கு இரண்டு கிழமை முன்புதான் அவளுக்குக் காது குத்தியிருந்தார்கள். ஓடிய இடத்தில் அவளுடைய சின்னத் தோட்டை விற்று அரிசி வாங்கவேண்டி வந்தது. காதுத் துளை மூடாமல் இருக்க ஜெயரூபன் வேப்பங்குச்சியைச் சீவிச் செருகிவிட்டார். மூன்று வருடம் அந்தப் பிள்ளை வேப்பங்குச்சியோடுதான் திரிந்தது.

பிறகு சுலோஜனா சுவிஸ் போனாள், தவேந்திரனைக் கட்டினாள், முப்பத்தைந்து தாண்டியபின் ஒரு பெண்பிள்ளை பிறந்தது. ஆரபி. தவேந்திரன் அகதியாகப் போனவர், இலங்கைக்கு வர ஏலாது. அதனால் ஆரபிக்கு நாலு வயதானபோது காதுகுத்தை மலேசியாவில், பத்துமலை முருகன் கோயிலில் வைப்பதாக முடிவு செய்தார்கள்.

"அண்ணா, உங்கடை மடியிலை இருத்தித்தான் குத்துறது. டிக்கற் நாங்கள் போடுறம்" என்றாள் சுலோஜனா தொலைபேசியில்.

"டிக்கற்றைப் போடு. தோடு நான்."

"அது அங்கை வந்து பாப்பம்."

"பாக்கிறதுக்கு ஒண்டுமில்லை. தாய்மாமன் நான். தோடு முழுக்க என்ரை காசு. உன்ரை மனிசன் ஒரு சதம் போட்டாலும் நான் பிளேன் ஏறன்."

தோட்டத்தில் அந்த வருடம் விளைந்த புகையிலையை விற்ற காசையும் சேமிப்பையும் சேர்த்தால் அவர் கணக்கில் ஒரு லட்சத்து ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் இருந்தது. அதை அங்கே எப்படிக் கையில் எடுப்பது? ஊர்காவற்றுறையில் அவர் கணக்கு வைத்திருந்த வங்கியில் அஜந்தா என்றொரு பெண் வேலை செய்தாள். தினமும் அவருடைய பஸ்ஸில்தான் வருவாள்.

"காசாக் கட்டிக்கொண்டு போகாதேங்கோ அண்ணை. கனக்கக் கொண்டுபோகவும் விடாங்கள், அங்கை எங்கடை நோட்டுக்கு மதிப்பும் இல்லை. உங்கடை ஏ.டி.எம் காட்டை வெளிநாட்டுக்குத் திறந்து விடுறன். அங்கத்தை மெசினிலை எடுங்கோ. ஆனால் ஒருக்கா எடுத்தால் ஒரு கூலி, பத்துத்தரம் எடுத்தால் பத்துக் கூலி. ஒரே இழுவையா எடுங்கோ."

"மலேசியா ரிங்கிட் என்ன விலை போகுது?"

"அறுபத்தைஞ்சு, அறுபத்தாறு மட்டிலை."

"அதுக்கு மேலை கேட்டால்?"

"உங்களுக்கு நான் சொல்லித்தர வேணுமே!" என்று சிரித்தாள் அஜந்தா.

கோலாலம்பூர் விமான நிலையத்தில் இறங்கியபோது ஜெயரூபனுக்குக் காலே நிலத்தில் படவில்லை. அப்படி ஒரு வெளிச்சம்! அப்படி ஒரு பளபளப்பு! தங்கையைக் கண்டார், மச்சானைக் கண்டார், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடிவந்த ஆரபியைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். இறக்கிவிட்ட அடுத்த நிமிடம் காசு மாற்றும் கண்ணாடிக் கூண்டைக் கண்டுவிட்டார். சட்டைப் பையில் கைச்செலவுக்கென்று பதினையாயிரம் ரூபாய் இருந்தது. டாக்சிக் காசையாவது தான் கொடுக்கவேண்டும் என்று அவருக்கு.

கூண்டுக்குள் இருந்த பெண் அந்த ஊர்த் தமிழ்ப் பிள்ளை. நோட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நூத்தி அறுபத்தாறு வரும்ண்ணே" என்றாள்.

பஸ்ஸில் ஐம்பது பேருக்கு மிச்சக்காசு கொடுக்கும் மனம் அரை நொடியில் வகுத்துவிட்டது. ஒரு ரிங்கிட்டுக்குத் தொண்ணூறு ரூபாய்!

"கடைசி விலை என்ன தங்கச்சி?"

"இங்க விலையெல்லாம் பேச முடியாதுண்ணே. போர்டுல போட்டதுதான்."

"வேண்டாம்" என்று நோட்டுகளை வாங்கிக்கொண்டு ஜெயரூபன் திரும்பினார். கம்பீரமாக நடந்தார். ஒன்று, இரண்டு, மூன்று... எட்டாவது அடியில் வேகம் குறைந்தது. பத்தாவது அடியில் சப்பாத்து நாடாவைக் கட்டுவதுபோலக் குனிந்தார். யாரும் கூப்பிடவில்லை. திரும்பிப் பார்த்தார். அந்தப் பெண் அடுத்த ஆளுக்குக் காசு எண்ணிக்கொண்டிருந்தாள்.

சுலோஜனா சூட்கேசின் மேல் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தாள். "அண்ணா, இது அல்லைப்பிட்டி இல்லை!"

"மாமா ஏன் நடந்தவர்?" என்று ஆரபி கேட்டாள்.

"அவள் புதுசு. பழகேல்லை" என்றார் ஜெயரூபன்.

அடுத்த நாள் சனிக்கிழமை. ஞாயிறு காலை ஒன்பது மணிக்குக் காதுகுத்து. சனி பின்னேரம் நாலுபேருமாகத் தமிழ் நகைக்கடைகள் நிறைந்த ஒரு தெருவுக்குப் போனார்கள். தோட்டை ஆரபியே தெரிந்தெடுக்கவேண்டும் என்பது ஜெயரூபனின் ஆசை. ஏழெட்டுத் தட்டுகளைத் தள்ளிவிட்டு அவள் ஒரு சின்ன மல்லிகைப்பூத் தோட்டில் விரலை வைத்தாள். எடுத்த விரலைத் திரும்ப அதிலேயே வைத்தாள். அதுதான் வேண்டும்.

கடைக்காரர் ஆயிரத்து ஐந்நூற்று இருபது ரிங்கிட் என்றார். இங்கே விலை பேசலாம் என்று தெரிந்ததும் ஜெயரூபனுக்கு உயிர் வந்தது. செய்கூலியில் பிடித்தார், ஒருதரம் வாசல்வரை நடந்தார், கூப்பிட்டார்கள்! ஆயிரத்து நானூற்று ஐம்பதில் நின்றது.

"இதுக்கு மேல முடியாது சார். கையில காசா குடுத்தா மட்டும்தான் இந்த விலை. எட்டு மணிக்கு மூடிடுவோம்" என்றார் கடைக்காரர்.

மணி ஏழேகால். தவேந்திரன் மெல்லத் தன் பணப்பையை எடுத்தார்.

"உள்ளை வையும் மச்சான்" என்றார் ஜெயரூபன். "நீர் அதைத் திறந்தால் நான் இப்பவே நடக்கத் தொடங்கிடுவன். யாழ்ப்பாணம்வரைக்கும்."

ஏ.டி.எம் இரண்டு கடை தள்ளி இருந்தது. ஜெயரூபனுக்கு வாழ்க்கையில் மெசினில் காசெடுக்கும் தேவை வந்ததில்லை. தோளில் நாள் முழுக்கக் காசுப்பை தொங்கும் மனிதனுக்கு அது எதற்கு? அட்டையைச் செருகினார். இரகசிய எண்ணைத் தவேந்திரன் பார்க்காதபடி முழங்கையால் மறைத்துக்கொண்டு அழுத்தினார். ஒரே இழுவை என்று அஜந்தா சொன்னது ஞாபகம் இருந்தது. ஆயிரத்து நானூற்று ஐம்பது என்று அடித்தார்.

மெசின் காசு தரவில்லை. ஒரு கேள்வி கேட்டது. ஆங்கிலத்தை எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசித்தார். ஒரு ரிங்கிட் எழுபத்திரண்டு ரூபாய். மொத்தம் ஒரு லட்சத்து நாலாயிரத்து நானூறு ரூபாய். இந்த விலையை ஏற்கிறீர்களா? கீழே இரண்டு பொத்தான். ஒன்று ஓம், மற்றது இல்லை.

ஜெயரூபன் மனதுக்குள் கழித்துப் பார்த்தார். கணக்கில் அவ்வளவு இல்லை. மூவாயிரம் குறைகிறது.

"என்ன யோசிக்கிறியள்? ஓம் எண்டு அமத்துங்கோ" என்றார் பின்னால் நின்ற தவேந்திரன்.

"விலை கூட மச்சான். அறுபத்தாறு போற சாமானுக்கு எழுபத்திரண்டு கேக்குது."

"அது மெசின். அதோடை என்ன விலை பேசிறது? அப்ப குறைச்சு ஆயிரத்து முந்நூற்றைம்பது எடுங்கோ. மிச்சம் நூறு ரிங்கிட் நான் போடுறன். ஆருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்."

ஆரபி அவருடைய காற்சட்டையைப் பிடித்து இழுத்தாள். "மாமா, பூ எங்க?"

வேறொருவராக இருந்தால் யோசித்திருப்பார். ஜெயரூபன் யோசிக்கவில்லை. முப்பது வருடமாகக் கூடிய விலை கேட்ட ஒவ்வொருவருக்கும் சொன்ன பதிலை அவருடைய விரல் தானாகச் சொல்லியது. இல்லை என்ற பொத்தானை ஓங்கி ஒரு குத்து.

"ஐயோ! முழுக்கப் போச்சு!" என்று தவேந்திரன் தலையில் கை வைத்தார். "இனிக் காட்டையும் விழுங்கிப்போடும். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, ஆரைப் பிடிக்கிறது?"

திரை இருண்டது. ஜெயரூபனின் கை அந்தரத்தில் நின்றது. பழக்கதோசத்தில் அவருடைய ஒரு கால் திரும்பியும்விட்டது. ஒரு அடி வைத்தார். இரண்டாவது அடி வைக்கப் போனார். பின்னால் மெசினின் வயிற்றுக்குள் கடகடவென்று ஒரு சத்தம்.

"மாமா! கூப்பிடுது!" என்று கத்தினாள் ஆரபி.

அட்டை வெளியே வந்தது. பின்னால் நோட்டுகள் வந்தன. ஆயிரத்து நானூற்று ஐம்பது, ஒரு ரிங்கிட் குறையாமல்! ஜெயரூபன் எண்ணவே இல்லை. வாழ்க்கையில் அவர் எண்ணாமல் வாங்கிய ஒரே காசு அதுவாகத்தான் இருக்கும். ஒரு கையில் நோட்டு, மறு கையில் ஆரபி. அந்தத் தெருவில் மழையில் பஸ் பிடிக்க ஓடுகிறவர்போல ஓடினார்.

கடைக்காரர் தோட்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருக்கும்போதுதான் தொலைபேசியில் வங்கியின் செய்தி வந்து விழுந்தது. தொண்ணூற்றாறாயிரத்து எழுநூற்றுப் பதினைந்து ரூபாய். அதோடு கூலி ஆயிரம். ஜெயரூபன் அதை மூன்றுதரம் வாசித்தார். பிறகு தவேந்திரனின் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"பாத்தீரே? மெசின் விலை குறைச்சுப்போட்டுது!"

ஊருக்குத் திரும்பியபின் அஜந்தாதான் விளக்கம் சொன்னாள். மெசின் கேட்டது மெசின்காரருடைய சொந்த விலை, அதில் அவர்களுக்கு லாபம் இருக்கிறது. ரூபாயில் கணக்குக் காட்டும்போது சனம் தெரிந்த காசுதானே என்று ஓம் அமத்திவிடும். இல்லை என்று அமத்தினால் ரிங்கிட்டாகவே கணக்குப் போகும், மாற்றுகிற வேலையை எங்கள் வங்கி தன் விலைக்குச் செய்யும்.

"இதைச் சொல்லிவிட மறந்துபோனன் எண்டு அந்தக் கிழமை முழுக்க எனக்கு நித்திரையில்லை அண்ணை. ஆர் உங்களுக்குச் சொன்னது?"

"ஆரும் சொல்லேல்லை. அல்லைப்பிட்டி மீன்காரர் பழக்கி விட்டது."

மிஞ்சின காசை அவர் அப்போதே கணக்குப் பார்த்துவிட்டார். கிட்டத்தட்ட ஆறாயிரத்து எழுநூறு ரூபாய். ஊர்காவற்றுறையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஒரு பஸ் நிறைந்த சனத்தின் டிக்கற் காசு. "ஒரு பொத்தானிலை ஒரு பஸ் நிறைஞ்ச சனத்தை மிச்சம் பிடிச்சனான்" என்று அடுத்த இரண்டு வருடமும் அந்த வழியில் ஏறியவர் இறங்கியவர் எல்லோருக்கும் சொன்னார். வேலணை தாண்டுமுன் தொடங்கினால் புளியங்கூடலில் மெசின் கடகடக்கும்.

ஒன்றை மட்டும் அவர் பஸ்ஸில் சொன்னதில்லை. அதைச் செத்தவீட்டில் சுலோஜனா சொன்னாள். ஞாயிறு காலை ஆரபி அவருடைய மடியில் இருந்து கத்திய கத்தில் பத்துமலைக் குரங்குகள்கூடத் தள்ளிப் போயினவாம். மாமனின் பெருவிரலைக் கடித்தும்விட்டாள். இரண்டு காதிலும் மல்லிகைப்பூ ஏறியபின் ஜெயரூபன் தங்கையின் பக்கம் திரும்பி, அவளுடைய காதை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தாராம். "இனி வேப்பங்குச்சி இல்லை" என்றாராம்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாள், ஆறு வயது ஆரபி தாயின் கையைப் பிடித்துக்கொண்டு சந்திக் கடைக்கு வந்தாள். மாமன் வாங்கித்தந்த அதே மல்லிகைப்பூத் தோடு காதில். கடையில் தொங்கிய ஒரு சிவப்புப் பந்தைக் காட்டி என்ன விலை என்று கேட்டாள். கடைக்காரர் முருகேசு முந்நூறு என்றார்.

"வேண்டாம்" என்றாள் ஆரபி. தாயின் கையை விட்டாள், திரும்பினாள், நடந்தாள். அவளுடைய சுவிஸ் பாசையில் வாய்க்குள் எண்ணிக்கொண்டே நடந்தாள்.

முருகேசு அவளுடைய முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய கண் நிறைந்துவிட்டது. எட்டாவது அடியிலேயே அவரால் பொறுக்க முடியவில்லை.

"பிள்ளை, வாங்கோ, வாங்கோ!" என்று கூப்பிட்டார்.